நிறுத்தி வைத்த வாகனமும் தீப்பற்றும்: மீளழைப்பு அறிவித்தல்கள் மலையகத்தை எட்டுமா?

ஏறத்தாழ ஐந்து வருடத் தடைக்குப் பின்னர், 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் கதவு திறக்கப்பட்டது. அன்று தொடக்கம் இந்நாட்டில் வாகனங்கள் பற்றிய பேச்சு முழுவதும் வரி, டொலர், விலை ஆகிய மூன்றையுமே சுற்றி வந்திருக்கின்றது. சீனத் தயாரிப்பான மின்சாரக் கார்கள் சிலவற்றின் மோட்டார் வலு 100 கிலோவாற்றா அல்லது 150 கிலோவாற்றா என்ற பிணக்கு அதே வருடத்தில் நீதிமன்றம் வரை சென்றது. வரி அந்த வலுவைப் பொறுத்தே கணிக்கப்படுகின்றது என்பதே அதற்குக் காரணமாகும். ஒரு வாகனத்தின் மோட்டாரை இத்தனை நுணுக்கமாக ஆராயக்கூடிய அரச இயந்திரம், அதே வாகனத்தின் மீது அதன் உற்பத்தியாளரே வெளியிட்ட பாதுகாப்பு எச்சரிக்கை ஏதேனும் தீர்க்கப்படாமல் கிடக்கின்றதா என்ற கேள்வியை எந்த மேசையிலும் கேட்பதாகத் தெரியவில்லை.

இக்கேள்வி கொழும்பு வாசிகளை விட மலையக மக்களுக்கு நெருக்கமானது. பின்புறம் திறந்த பெட்டியுடைய 'பிக்கப்' வாகனங்களை நாம் 'கெப்' என்று அழைத்துப் பழகிவிட்டோம். தோட்ட நிர்வாகத்தின் அன்றாட ஓட்டம் இன்று பெருமளவு கெப் வாகனத்தில்தான் நடைபெறுகின்றது. கந்தப்பளையிலும் இராகலையிலும் விளையும் மரக்கறி தம்புள்ளைக்கும் பேலியகொடைக்கும் போய்ச் சேர்வது கெப், பட்டா, சிறிய லொறி ஆகியவற்றை நம்பித்தான். ஹட்டன், தலவாக்கலை நகரங்களில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் வர்த்தகரும், தோட்டத்தில் பிறந்து கடன்பட்டு ஒரு பட்டா வாங்கி வாடகைக்கு ஓட்டும் தமிழ் இளைஞரும் ஒரே வகையான வாகனத்தில் தமது முழு முதலையும் முடக்கியிருக்கின்றனர். இரவில் அந்த வாகனம் கடைக்கு முன்னாலோ லயத்துக்குப் பக்கத்திலோ நிற்கின்றது. அங்கே அது தானாகத் தீப்பற்றக்கூடும் என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் உலக வாகனத் தொழிற்றுறையின் மிகப் பெரிய மீளழைப்புகளில் ஒன்று அத்தகைய தீ பற்றியதே.

'மீளழைப்பு' என்ற சொல்லைக் கேட்டவுடன் கம்பனி வாகனத்தைப் பறித்துக்கொண்டு போய்விடும் என்ற அச்சம் சிலரிடம் உண்டு. உண்மையில் நடப்பது வேறு. தயாரிப்பிலோ வடிவமைப்பிலோ பாதுகாப்பைப் பாதிக்கும் குறைபாடு ஒன்று இருப்பதாகத் தெரியவந்தால், உற்பத்தியாளர் அந்த வகுதியைச் சேர்ந்த வாகனங்களின் உரிமையாளர்களுக்கு அறிவித்து, பழுதான பாகத்தைத் தமது செலவில் மாற்றிக் கொடுக்க வேண்டும். உரிமையாளர் ஒரு சதமும் செலுத்த வேண்டியதில்லை. பயன்பாட்டு நேர்மையின் இந்த அடிப்படை ஏற்பாடு அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டின் வாகனப் பாதுகாப்புச் சட்டத்துடன் உருப்பெற்றது. யப்பானும் ஐரோப்பிய நாடுகளும் தத்தமது சட்டங்களின் கீழ் இதனை நடைமுறைப்படுத்துகின்றன.

போர்ட் நிறுவனத்தின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. அந்நிறுவனத்தின் எஃப்-150 ரக பிக்கப் வாகனம் அமெரிக்காவில் அதிகம் விற்பனையாகும் வாகனங்களில் ஒன்று. அதிலும் அந்நிறுவனத்தின் வேறு பல வாகனங்களிலும், வேகத்தைத் தானாகப் பேணும் 'குரூஸ் கொன்ட்றோல்' என்ற வசதி இருந்தது. சாரதி பிறேக்கை மிதித்தவுடன் அந்த வசதியைத் துண்டிப்பதற்காகச் சிறிய ஆளி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கக்கூடிய அந்த ஆளியின் ஒரு பக்கத்தில் பிறேக் எண்ணெய், மறுபக்கத்தில் மின் தொடுகைகள். இரண்டையும் பிரித்து நின்றது மெல்லிய சவ்வு ஒன்றே. வருடக்கணக்கில் அழுத்தம் ஏறி இறங்கியதில் அந்தச் சவ்வில் வெடிப்பு ஏற்பட்டது. எண்ணெய் மின்பக்கத்துக்குக் கசிந்தது. தொடுகைகள் அரிப்புக்குள்ளாகின. மின்சாரம் செல்லக் கூடாத வழியில் செல்லத் தொடங்கி, ஆளி சூடேறித் தீப்பற்றியது.

இதில் மக்களை அதிரவைத்த விடயம், சாவியை எடுத்த பின்னரும் அந்த ஆளிக்கு மின்சாரம் வந்துகொண்டே இருந்தது என்பதாகும். எஞ்ஜின் ஓய்ந்து மணித்தியாலங்கள் கடந்த பின்னர், வீட்டோடு ஒட்டிய வாகனத் தரிப்பறையில், குடும்பத்தினர் உறங்கும் வேளையில் வாகனங்கள் எரிந்தன. அவற்றோடு வீடுகளும் எரிந்தன.

1999இல் முதலாவது மீளழைப்பு சுமார் 2 இலட்சத்து 79 ஆயிரம் கார்களுடன் நின்றது. பிக்கப் வாகனங்கள் அதில் இல்லை. 2005 ஜனவரியில் ஏறத்தாழ 8 இலட்சம் பிக்கப் மற்றும் ஏனைய வாகனங்கள், அதே வருடம் செப்டெம்பரில் மேலும் 38 இலட்சம், 2007 ஓகஸ்டில் 36 இலட்சம், 2009 ஒக்டோபரில் 45 இலட்சம் எனப் பட்டியல் நீண்டு, இறுதியில் மொத்தத் தொகை ஒரு கோடி நாற்பது இலட்சத்தைத் தாண்டியது. முதல் அறிவித்தலுக்கும் இறுதி அறிவித்தலுக்கும் இடையில் பத்து வருடங்கள். அதுவும் உலகிலேயே மிகப் பலம் வாய்ந்த வாகனப் பாதுகாப்பு அதிகாரசபைகளில் ஒன்று இயங்கும் நாட்டில்! இறுதியில் செய்யப்பட்ட திருத்தம் என்ன தெரியுமா? பியூஸ் பொருத்திய ஒரு சிறு வயர்த் துண்டு. அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் வந்தால் அந்த பியூஸ் உருகி இணைப்பைத் துண்டித்துவிடும்.

எஃப்-150 நுவரெலியா வீதிகளில் ஓடும் வாகனம் அல்லவே என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆகவே நமது வீதிகளில் அன்றாடம் காணும் வாகனங்களுக்கு வருவோம்.

2010 ஜனவரியில் ஹொண்டா நிறுவனம் ஃபிட், ஜாஸ், சிட்டி ஆகிய பெயர்களில் விற்பனையான 6 இலட்சத்து 46 ஆயிரம் கார்களை உலகளவில் மீளழைத்தது. சாரதியின் கதவிலுள்ள கண்ணாடி ஏற்றி இறக்கும் ஆளிக்குள் மழைநீர் புகுந்து மின்கசிவு ஏற்பட்டுத் தீப்பற்றக்கூடும் என்பதே காரணம். அதற்கு முந்திய வருடம் தென்னாபிரிக்காவில் இத்தகைய கார் ஒன்றில் ஏற்பட்ட தீயில் ஒரு குழந்தை உயிரிழந்திருந்தது. 2012 ஒக்டோபரில் டொயோட்டா நிறுவனம் அதே போன்ற ஆளி தொடர்பாக 74 இலட்சத்து 30 ஆயிரம் வாகனங்களை மீளழைத்தது. விட்ஸ், கொரோலா, கெம்ரி முதலிய கார்களோடு டுண்ட்ரா என்ற பிக்கப் வாகனமும் அதில் அடங்கியிருந்தது. ஆளிக்குள் கிறீஸ் சீராகப் பூசப்படாமையால் தொடுகைகள் தேய்ந்து உராய்வு ஏற்படுகின்றது என அப்போது விளக்கமளிக்கப்பட்டது. 2015 ஒக்டோபரில் மேலும் 65 இலட்சம் வாகனங்கள் அதே ஆளிக் குறைபாட்டுக்காக அழைக்கப்பட்டன.

டொயோட்டாவின் 2012ஆம் ஆண்டு அறிவித்தலில் இருந்த ஒரு வரியை நமது வாகனத் திருத்துநர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஆளி இறுக்கமாக இருக்கின்றது என்று கடையில் விற்கும் மசகு எண்ணெய் எதையாவது அதனுள் விட்டால், ஆளி உருகி மின்கசிவு ஏற்பட்டுப் புகையும் தீயும் உண்டாகலாம் என்று நிறுவனமே எச்சரித்திருந்தது. கண்ணாடி ஏறவில்லை என்று சொன்னவுடன் எண்ணெய்க் குப்பியை எடுத்து இரண்டு சொட்டு விடுவது நமது ஊர்களில் சர்வ சாதாரணம். அதைச் செய்பவர் உதவி செய்வதாகவே நினைக்கின்றார். எச்சரிக்கை அவர் காதுக்கு எட்டவில்லை என்பதைத் தவிர அவர் மீது வேறு குற்றமில்லை.

கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் உள்ள நுவரெலியாவில் மழையும் பனிமூட்டமும் ஈரமும் வருடத்தின் பெரும்பகுதி நீடிப்பவை. ஈரம் மின் இணைப்புகளுக்குப் பகை. மூடுபனிக்காக மேலதிக விளக்குகள் பூட்டுவதும், ஹோர்ன் மாற்றுவதும், பாட்டுப் பெட்டி வைப்பதும், அதற்கெல்லாம் தொழிற்சாலை வயரில் இடையில் வெட்டி இணைப்பு எடுப்பதும் இங்கு அன்றாடக் காட்சிகள். பியூஸ் அடிக்கடி போகின்றது என்று அதனிடத்தில் செப்புக் கம்பியைச் சுற்றிவிடும் 'வைத்தியமும்' உண்டு. ஒரு கோடி நாற்பது இலட்சம் வாகனங்களை அழைத்து எந்த பியூஸைப் பொருத்தினார்களோ, அதே பியூஸை நாம் நமது கையால் அகற்றிக்கொண்டிருக்கின்றோம்.

இனி, மீளழைப்பு அறிவித்தல் ஒன்று உரிமையாளரைச் சென்றடையும் பாதையைப் பார்ப்போம். இந்த விவகாரத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கின்றது.

இலங்கைக்கு வாகனங்கள் இரண்டு வழிகளில் வருகின்றன. ஒன்று, உற்பத்தியாளரின் உத்தியோகபூர்வ முகவர் ஊடாக. மற்றையது, யப்பானிய ஏலச் சந்தைகளிலிருந்து பழைய வாகனங்களை வாங்கி வரும் தனி இறக்குமதியாளர்கள் ஊடாக. முதலாவது வழியில் வந்த வாகனத்துக்கு முகவரிடம் விற்பனைப் பதிவு இருக்கும். அவர் விரும்பினால் அறிவிக்கலாம். இரண்டாவது வழியில் வந்த வாகனத்தை உற்பத்தியாளர் யப்பானில் உள்ள முதல் உரிமையாளரின் பெயரிலேயே அறிந்திருக்கின்றார். வாகனம் அங்கு பதிவு நீக்கப்பட்டுக் கப்பலேறியவுடன் அந்தத் தொடர்பு அறுந்துவிடுகின்றது. மீளழைப்பு அதற்குப் பின்னர் அறிவிக்கப்பட்டால், கடிதம் போக வேண்டிய விலாசம் யப்பானிய நிறுவனத்திடம் இல்லை. செசி இலக்கம் என்று நமது மெக்கானிக்மார் சொல்லும் அடிச்சட்ட இலக்கத்தைக் கொடுத்துத் தேடும் வசதி உற்பத்தியாளர்களின் இணையத்தளங்களில் உண்டு. ஆயினும் யப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கான வாகனங்களுக்கு அந்தத் தேடல் பக்கம் யப்பானிய மொழியில் இருக்கின்றது. கொட்டகலையில் வசிக்கும் ஒரு வாகன உரிமையாளர் அதைத் தேடிப் படிப்பார் என எதிர்பார்ப்பது வேடிக்கை.

உள்நாட்டுக்குள் வந்த பின்னரும் பாதை நேரானதல்ல. பெரும்பாலான வாகனங்கள் லீசிங் அடிப்படையில் வாங்கப்படுகின்றன. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் நிதி நிறுவனமே முழுமையான உரிமையாளர். கடன் தீர்ந்த பின்னர் வாகனம் இரண்டு மூன்று கை மாறுகின்றது. ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் பதிவை மாற்றாமல் ஒப்பமிட்ட பத்திரங்களோடு விற்பதை 'ஓப்பன் பேப்பர்' என்கின்றோம். செலவையும் அலைச்சலையும் தவிர்க்க எண்ணி மக்கள் இதனைச் செய்கின்றனர். விளைவு, பண்டாரவளையில் ஓடும் கெப் ஒன்றின் பதிவு குருநாகலில் உள்ள ஒருவரின் பெயரில் பல வருடங்களாக இருக்கும். நாளையே அரசாங்கம் மனம் வைத்து மீளழைப்புக் கடிதங்களை அனுப்பினாலும் அவற்றில் கணிசமானவை தவறான வாசற்படியில்தான் விழும்.

இந்த நிலையில் நமது சட்டம் என்ன சொல்கின்றது? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் நுகர்வோருக்கு முறைப்பாட்டு உரிமையை வழங்குகின்றது. தரநிர்ணயங்களுக்கும் உத்தரவாதத்துக்கும் அமையாத பொருட்கள் பற்றி அதிகாரசபை விசாரிக்கலாம். ஆனால் முறைப்பாடு விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் செய்யப்பட வேண்டும். போர்ட் வாகனத்தின் சவ்வு வெடிப்பதற்கு வருடங்கள் எடுத்தன. மின் குறைபாடுகள் மூன்று மாதக் கெடுவைப் பார்த்து வெளிப்படுவதில்லை. 1951ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டமோ, வாகனம் வீதியில் ஓடத் தகுதியான நிலையில் இருக்க வேண்டிய பொறுப்பை முதன்மையாக உரிமையாளர், சாரதி ஆகியோரின் தலையில் வைத்துக் கட்டப்பட்டது. உற்பத்தியாளரையும் இறக்குமதியாளரையும் நோக்கி விரல் நீட்டும் காலத்தில் அது எழுதப்படவில்லை.

பொருட்களை மீளப்பெறும் அனுபவமே நமக்கு இல்லை என்றும் சொல்ல முடியாது. 2013 ஓகஸ்டில் நியூசிலாந்துப் பால்மா தொடர்பான சர்ச்சையின்போது சுகாதார அமைச்சு தலையிட்டது. அரசாங்கம் உத்தரவிட்டால் ஒரு பன்னாட்டு நிறுவனமும் அடிபணிய வேண்டிவரும் என்பதை மக்கள் அப்போது கண்டனர். 2021 நவம்பர், டிசெம்பர் மாதங்களில் சமையல் எரிவாயு தொடர்பான வெடிப்புகள் நாடெங்கும் பீதியை ஏற்படுத்தின. புரொப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவை விகிதம் பற்றிய வாதப் பிரதிவாதங்களுக்குப் பின்னர் ஜனாதிபதி குழு நியமிக்கப்பட்டது. விவகாரம் நீதிமன்றத்துக்கும் சென்றது. அந்த வாரங்களில் அடுப்பைப் பற்றவைக்க அஞ்சிய தாய்மாரின் மனநிலையை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டு சந்தர்ப்பங்களிலும் தலையீடு பிறந்தது பரபரப்பினால். நிரந்தரமான பொறிமுறை ஒன்றினால் அல்ல. வாகனம் ஒன்று எரிவது தனித்தனிச் சம்பவம். அது 'மின்கசிவு' என்ற ஒரு சொல்லோடு பொலிஸ் அறிக்கையில் முடிந்துவிடும். அதே மாதிரி, அதே வருடத் தயாரிப்பு, அதே இடத்தில் தீ என்று பத்துச் சம்பவங்களை ஒன்றாக வைத்துப் பார்க்கும் மேசை இல்லாவிட்டால், பரபரப்புக் கூட ஏற்படப் போவதில்லை.

உற்பத்தியாளர்கள் தாமாகவே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள் என்று நம்பியிருப்பதும் சரியல்ல. கண்டர் லொறியை அறியாத மலையகத்தவர் இல்லை. அதனைத் தயாரித்த மிட்சுபிஷி நிறுவனம், வாடிக்கையாளர்களின் முறைப்பாடுகளை இருபது வருடங்களுக்கும் மேலாக யப்பானியப் போக்குவரத்து அமைச்சுக்கு மறைத்து வந்தமை 2000ஆம் ஆண்டில் அம்பலமானது. நிறுவனத்தின் தலைவர் பதவி விலக நேர்ந்தது. 2002 ஜனவரியில் யொகொஹாமா நகரில் அந்நிறுவனத்தின் பாரவூர்தி ஒன்றிலிருந்து கழன்று உருண்ட சில்லு, பிள்ளைகளோடு நடந்து சென்ற தாயொருவரைக் கொன்றது. பராமரிப்புக் குறைபாடே காரணம் என்று நிறுவனம் முதலில் கூறியது. 2004இல்தான் சில்லைத் தாங்கும் பாகத்தின் குறைபாடு ஒப்புக்கொள்ளப்பட்டு, முன்னாள் உயர் அதிகாரிகள் கைது செய்யப்பட்டனர். பழியைப் பாவனையாளரின் பராமரிப்பின் மீது போடுவது எத்துணை இலகுவானது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை. ஒழுக்கத்துக்குப் பெயர்பெற்ற யப்பானிலேயே இது நடந்தது.

மற்றுமொரு பாடம் வளைகுடாவிலிருந்து. சவூதி அரேபியா உள்ளிட்ட நாடுகளில் போர்ட் எக்ஸ்புளோரர் வாகனங்களின் ஃபயர்ஸ்டோன் டயர்கள் வெப்பத்தில் பிய்ந்துபோவதாக முறைப்பாடுகள் எழுந்தபோது, 1999இலேயே அங்கு டயர்கள் மாற்றிக் கொடுக்கப்பட்டன. அமெரிக்காவில் மீளழைப்பு 2000 ஓகஸ்டில்தான் அறிவிக்கப்பட்டது. இதனால் கொதித்தெழுந்த அமெரிக்க கொங்கிரஸ், அதே வருடத்தில் புதிய சட்டமொன்றை நிறைவேற்றியது. வெளிநாடொன்றில் மேற்கொள்ளப்படும் மீளழைப்பையும் உற்பத்தியாளர் அமெரிக்க அதிகாரசபைக்கு அறிவிக்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடுகளில் ஒன்று. வல்லரசு நாடே தன் குடிமகனுக்குச் செய்தி எட்டவில்லை என்று சட்டம் இயற்றுகின்றது. கிட்டத்தட்ட எல்லா வாகனங்களையும் வெளியிலிருந்து வாங்கும் நாம், அத்தகைய ஒரு வரியைக் கூட நமது சட்டப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளவில்லை.

அயல்நாடான இந்தியாவும் இவ்விடயத்தில் தாமதமாகவே விழித்துக்கொண்டது. 2010இல் டாடா நனோ கார்கள் சில தீப்பற்றியபோது, நிறுவனம் இலவசமாக மேலதிகப் பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பொருத்திக் கொடுத்தது. ஆனால் அதனை மீளழைப்பு என்று அழைக்க மறுத்தது. அந்த நனோ பின்னர் நமது நாட்டிலும் வாடகைக் காராக ஓடியது. மோட்டார் வாகனச் சட்டத்துக்கான 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் 110-ஏ பிரிவே மீளழைப்பை உத்தரவிடும் அதிகாரத்தை இந்திய மத்திய அரசுக்கு வழங்கியது. 2021 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. அடுத்த வருடம் மார்ச்சில் தமிழகத்தின் வேலூரில் மின்சார ஸ்கூட்டர் ஒன்று வீட்டில் மின்னேற்றப்பட்டுக்கொண்டிருந்த வேளை தீப்பற்றி, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தனர். நாட்டின் வேறு பகுதிகளிலும் மின்சார ஸ்கூட்டர்கள் எரிந்தன. ஒகினாவா நிறுவனம் 3,215 வண்டிகளையும், ஓலா நிறுவனம் 1,441 வண்டிகளையும் அந்த ஏப்ரலில் மீளழைத்தன. இந்தியாவில் தயாரான சிறு லொறிகளும் முச்சக்கர வண்டிகளும் நமது வீதிகளை நிறைத்திருக்கின்றன. இந்தியச் சட்டத்தின் 110-ஏ பிரிவோ பாக்கு நீரிணையைக் கடந்து வருவதில்லை.

தோட்டப்புறங்களில் ஆபத்தின் பரிமாணமே வேறு. லயன் அறைகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. கூரை மரமும் தகரமும் ஒரே தொடர். ஓர் அறையில் பற்றிய தீ பத்து அறைகளை எரித்துவிட்டுத்தான் அடங்கியது என்ற செய்தியை மலையகப் பத்திரிகை வாசகர்கள் வருடாவருடம் வாசிக்கின்றனர். அந்தச் செய்திகளில் மின்கசிவே காரணமாக இருக்கலாம் என்ற வரி வழமையாக இடம்பெறும். தீயணைப்பு வண்டி நகரத்திலிருந்து புறப்பட்டு, வளைவுகளும் ஒடுங்கிய தோட்டப் பாதையும் தாண்டி வந்து சேருவதற்குள் அயலவர்களின் வாளித் தண்ணீரால் இயன்றதே நடந்து முடிந்திருக்கும். அந்த லயத்தின் சுவரோடு ஒட்டி, எரிபொருள் தாங்கியோடு ஒரு வாகனம் இரவு முழுவதும் நிற்கின்றது. அமெரிக்காவில் 2023 செப்டெம்பரில் ஹுண்டாய், கியா நிறுவனங்கள் 33 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களை மின்கசிவுத் தீ அபாயத்துக்காக மீளழைத்தபோது, திருத்தம் முடியும் வரை வாகனத்தைக் கட்டடங்களுக்கு அப்பால், வெளியில் நிறுத்துமாறு உரிமையாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. பிரதான வீதி வரை போய் நிறுத்தினால் பற்றரி காணாமற் போகும் என்று அஞ்சும் நமது சாரதிக்கு 'அப்பால்' என்ற இடமே கிடையாது.

பொருளாதாரப் பக்கத்தையும் மறந்துவிட முடியாது. லீசிங் நடைமுறையில் இருக்கும் வரை முழுக் காப்புறுதி கட்டாயம். கடன் முடிந்தவுடன் செலவைக் குறைக்கவென மூன்றாந்தரப்புக் காப்புறுதிக்கு மாறுவோர் பலர். அதில் சொந்த வாகனம் எரிந்த நட்டத்துக்கு ஒரு சதமும் கிடைக்காது. வாகனம் பழையதாகி வயர்கள் வெடிக்கத் தொடங்கும் வயதும், காப்புறுதி குறைக்கப்படும் காலமும் ஏறத்தாழ ஒன்றாகவே வருகின்றன.

செய்யக்கூடியது என்ன என்று கேட்டால், புதிய அதிகாரசபை ஒன்றை அமைத்து அதற்கொரு தலைவரையும் வாகனங்களையும் கொடுப்பது நமது ஆலோசனை அல்ல. தேவையான பதிவேடுகள் அனைத்தும் ஏற்கெனவே அரசாங்கத்திடம் இருக்கின்றன. ஒவ்வொரு வாகனத்தின் அடிச்சட்ட இலக்கமும் சுங்கத் திணைக்களத்திலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் பதியப்பட்டிருக்கின்றது. வருடத்துக்கு ஒரு முறை புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் காட்டி வருமான அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். பதிவு யார் பெயரில் இருந்தாலும், ஓப்பன் பேப்பரில் கைமாறியிருந்தாலும், வாகனத்தை உண்மையில் வைத்திருப்பவர் அரசாங்கத்தின் முன்னால் வந்து நிற்கும் ஒரே தருணம் அதுதான். புகைப் பரிசோதனை நிலையத்தின் கணினியில் அடிச்சட்ட இலக்கத்தைத் தட்டும்போது, அந்த வாகனத்துக்குத் தீர்க்கப்படாத மீளழைப்பு ஏதும் உண்டா என்று பார்த்து ஒரு துண்டுச் சீட்டைக் கையில் கொடுப்பதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை.

இது கற்பனையான யோசனை அல்ல. ஆயிரக்கணக்கான யப்பானிய வாகனங்களோடு நமது நாட்டுக்கும் வந்து சேர்ந்த டகாட்டா காற்றுப்பை விவகாரத்தில், வெப்பமும் ஈரமும் பட்டுக் கெட்டுப்போன வேதிப்பொருள் வெடித்து உலோகத் துண்டுகள் பயணிகளின் கழுத்தைக் கிழித்தன. ஆபத்து அதிகமான காற்றுப்பைகளை மாற்றாத வாகனங்கள், 2018 மே மாதம் முதல் யப்பானில் கட்டாய வாகனப் பரிசோதனையில் சித்தியடைய முடியாது என அந்நாட்டு அரசாங்கம் அறிவித்தது. அங்கே சித்தி மறுக்கப்பட்டது. இங்கே முதற்கட்டமாகத் தகவல் கொடுத்தாலே போதும். அனுமதிப்பத்திரத்தையே நிறுத்திவிட்டால், உதிரிப்பாகம் வந்து சேரும் வரை ஏழைச் சாரதியின் அடுப்பு அணைந்துவிடும். ஆகவே தடை என்பது உயிராபத்து மிக்க குறைபாடுகளுக்கு மட்டும், பாகம் நாட்டில் கைவசம் இருக்கும்போது மட்டும் என்று வரையறுக்கப்பட வேண்டும்.

இறக்குமதியாளர் மீதும் பொறுப்பு சுமத்தப்பட வேண்டும். பழைய வாகனங்களுக்கு ஏற்றுமதிக்கு முந்திய பரிசோதனைச் சான்றிதழ் கோரப்படுகின்றது. அதில் மீளழைப்பு நிலைமைக்கும் ஒரு வரி சேர்க்கப்படலாம். உத்தியோகபூர்வ முகவர்கள், தம்மிடம் வாங்காத வாகனம் என்று சொல்லித் திருப்பி அனுப்பாமல், உற்பத்தியாளரின் செலவில் அதே திருத்தத்தைச் செய்து கொடுப்பதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும். இதற்கு முகவர்கள் முகம் சுளிப்பர். தனி இறக்குமதியாளர்கள் தமது வியாபாரத்தைக் கெடுத்ததாக அவர்களுக்கு நீண்டகாலக் கோபம் உண்டு. அந்தக் கோபத்துக்கு விலை கொடுக்க வேண்டியவர் வாகனத்தை வாங்கிய மனிதர் அல்லர். மேலும், நிதி நிறுவனங்கள் தவணை ஒரு நாள் பிந்தினால் தொலைபேசியில் தேடிப் பிடிக்கும் வல்லமை படைத்தவை. தாமே முழு உரிமையாளராகப் பதிவாகியுள்ள வாகனத்தின் மீளழைப்பை அதே தொலைபேசியில் சொல்லுமாறு மத்திய வங்கி பணிக்கலாம்.

அறிவித்தல்கள் தமிழில் இருக்க வேண்டும் என்பதை நுவரெலியா மாவட்டத்தைப் பொறுத்தவரை தனியாக வலியுறுத்த வேண்டியுள்ளது. தமிழும் நிர்வாக மொழியாகப் பிரகடனப்படுத்தப்பட்ட பிரதேச செயலகப் பிரிவுகள் இங்கு உள்ளன. வருமான அனுமதிப்பத்திரம் வழங்கப்படுவதும் அந்தச் செயலகங்களிலேயே. ஆங்கிலப் பத்திரிகையின் ஒரு மூலையில் வெளியாகும் விளம்பரத்தோடு கடமை முடிந்தது என்று ஒரு முகவர் கருதினால், அந்தக் கெப்பை ஓட்டுபவர்களில் பெரும்பாலானோருக்கு அறிவித்தல் வழங்கப்படவில்லை என்பதே பொருள்.

இவற்றோடு உடனடியாகக் கவனிக்க வேண்டிய ஒரு விடயமும் இருக்கின்றது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்கள் பேரழிவைச் சந்தித்தன. மகாவலி பெருக்கெடுத்த கம்பளைப் பகுதியிலும் ஏனைய தாழ்நிலங்களிலும் வாகனங்கள் சேற்று நீரில் மூழ்கின. மூழ்கிய வாகனத்தைக் கழுவிக் காயவைத்து எஞ்ஜினை இயக்கிவிடலாம். வயர்த் தொகுதியின் இணைப்பிகளுக்குள் புகுந்த நீரும் மண்ணும் மாதக்கணக்கில் மெதுவாக அரிக்கும். போர்ட் ஆளிக்குள் எண்ணெய் செய்த வேலையை இங்கே வெள்ளநீர் செய்கின்றது. காப்புறுதி நிறுவனங்கள் நட்டஈடு செலுத்தி விற்றுத் தள்ளும் வாகனங்களும் திருத்தப்பட்டு மீண்டும் சந்தைக்கு வருவது வழமை. இவற்றின் பட்டியலைக் காப்புறுதி நிறுவனங்களிடமிருந்து பெற்று, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் வெள்ளத்தில் மூழ்கியது எனக் குறிப்பிடுவதற்கு ஒரு சுற்றறிக்கை போதுமானது. அதுவரை, ஹட்டனிலோ நானுஓயாவிலோ பழைய கெப் ஒன்றை வாங்கப் போகின்றவர், விலை பேசுவதற்கு முன்னர் ஆசனத்துக்கு அடியில் உள்ள விரிப்பைத் தூக்கி வயர் இணைப்பிகளில் பச்சைப் படிவும் வண்டலும் இருக்கின்றனவா என்று நம்பகமான ஒரு மின்திருத்துநரைக் கொண்டு பார்த்துக்கொள்வது நல்லது. அடிச்சட்ட இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு மீளழைப்பு ஏதும் உண்டா என்று உரிய முகவரிடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும்.